தாரிக்கசோலும் தராசுத்தட்டும்

எங்கள் பள்ளிக்கூட ஹாலில், தூத்துக்குடியின் மாசிக் கடைசி வெயிலில், ஒரு மனிதர் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் நின்றார்.

கோட்டின் அக்குளில் வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக வரி கட்டியிருந்தது. உப்பு எங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஆனால் ஆள்மேல் விளைந்து அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

அவர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ருஷ்ய மொழி விரிவுரையாளர். ருஷ்யாவில் குளிர் அதிகம், அதனால் அந்த மொழியைச் சொல்லிக்கொடுப்பவரும் கோட்டு போட வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். பெயர் எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. எழுத மாட்டேன். நாங்கள் வைத்த பெயர் 'கோட்டு சார்'. அது போதும் அவருக்கு.

கொல்லன் தெருவில் ஊசி

எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் கரையோடு வந்து நிற்கத் தொடங்கியிருந்த சமயம். பல்கலைக்கழகத்தில் யாருக்கோ திடீரென்று ஞானோதயம் பிறந்து, தென்கோடியில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அயல்மொழிகளை அறிமுகம் செய்து வைப்பது என்று முடிவு செய்தார்கள். 'அயல்மொழி அறிமுக நாள்' என்று எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் வாசலில் துணி கட்டினார்கள்.

எங்கள் பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, வரவேற்புரையில் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"எங்கள் மாணவிகள் கிணற்றுத் தவளைகள். தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் தவிர வேறொரு மொழியின் ஓசையைக்கூடக் கேட்டறியாதவர்கள். நீங்கள்தான் இவர்களுக்கு உலகத்தின் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும்."

ஜன்னல் என்ற சொல்லே போர்த்துகீசியன் இங்கே விட்டுவிட்டுப் போனது. அதைத் திறந்துவிடச் சொல்லித்தான் இவர்களைக் கெஞ்சினார்.

முத்துக் குளிக்க ஒரு கூட்டம், முத்து வாங்க ஒரு கூட்டம், உப்பு ஏற்ற ஒரு கூட்டம் என்று காலம் காலமாக ஊர் உலகமெல்லாம் வந்து இறங்கிப் பேரம் பேசிய கடற்கரை இது. இங்கே வந்து 'அயல்மொழி என்று ஒன்று உண்டு' என்று அறிவிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. விற்க வந்தவர்களுக்கு அது தெரியாதது ஆச்சரியமில்லை. கொல்லன் வீட்டுக்காரியே ஊசிக்கு வரிசையில் நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, நானும் நின்றேன். நின்றதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது.

கடையில் ஒரு சிரிப்பு

அப்பாவின் கடையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக மறுபடியும் ஒரு முறை. எங்கள் பூர்வீகம் பனங்காட்டுப் பக்கம். அப்பா தூத்துக்குடி வந்து, கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு கடை போட்டு, கப்பல்களுக்குக் காய்கறி, முட்டை, ஆட்டிறைச்சி எல்லாம் சப்ளை செய்துகொண்டிருந்தார். ஊரில் அவர் வெறும் 'அண்ணாச்சி'.

புதுத் துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்களெல்லாம் தூரக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அப்பா வள்ளத்தில் கூடைகளோடு போவார். கீழே வள்ளம் ஆட, மேலே பனை உயரத்தில் கப்பல்காரன் எட்டிப் பார்க்க, இவர் அண்ணாந்து கத்துவார். உருளைக்கிழங்குக்கு ருஷ்யனிடம் "கர்த்தோஷ்கா!" வெங்காயத்துக்கு "லூக்கு!" அப்பா கற்ற பாஷையெல்லாம் கத்திக் கற்ற பாஷை. அதனால் கடைக்குள் இரண்டடி தூரத்தில் நிற்பவனிடமும் கத்தித்தான் பேசுவார். அம்மா காதைப் பொத்திக்கொள்வாள்.

ருஷ்யக் கப்பல் வந்தால் அதன் சமையற்காரனும் இரண்டு மூன்று மாலுமிகளும் சாமான் பார்க்கக் கடைக்கே வருவார்கள். வாசலில் கால் வைக்கும்போதே அப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார்கள். அப்பாவும் கையை உயர்த்தி அதே வார்த்தையை இரண்டு மடங்கு சத்தமாகத் திருப்பிச் சொல்வார்.

"தாரிக்கசோல்! தாரிக்கசோல்!"

உடனே அவர்கள் சிரிப்பார்கள். ஒருவன் முதுகை ஒருவன் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

"அப்பா, தாரிக்கசோல்னா என்னப்பா?"

"வணக்கம்னு அர்த்தம்ளா. வேற என்ன? வாரவன் எல்லாரும் மொதல்ல அதத்தானே சொல்லுதான்."

"வணக்கம் சொன்னா எதுக்குச் சிரிக்காங்க?"

"நம்மளப் பாத்தா அவனுவளுக்கு ஒரு சந்தோசம். நாலு மாசம் தண்ணியவே பாத்துட்டு வாரான். மனுச முகத்தப் பாத்தா சிரிக்க மாட்டானா?"

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, கெட்டதைப் பிரித்து வைப்பது கடையில் என் வேலை. அந்த மூலையில் உட்கார்ந்து அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் சிரித்துவிட்டு அப்பாவைப் பார்ப்பதில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். டாக்டர், கலெக்டர் என்று மற்றவர்கள் கனவு கண்ட வயதில் என் லட்சியம் அவ்வளவுதான்.

அதனால்தான், பள்ளிக்கு ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்துக் கோடை விடுமுறையில் ஒரு மாதம் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைத்து ருஷ்ய மொழி இலவசமாகக் கற்பிப்பார்கள் என்று அறிவிப்பு வந்ததும், அந்த ஒரு இடம் எனக்கு வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்றேன்.

"ருஷ்யா பாஷை படிச்சு எவனுக்குச் சோறு பொங்கப் போற?" என்றாள் அம்மா.

"போயிட்டு வரட்டும். அவனுவ பேசுதது நம்ம வீட்ல ஒருத்திக்காவது வெளங்கட்டும்" என்றார் அப்பா. நான் சொல்லாமலே என் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். ஆனால் எதற்காகக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

மூன்று மேசைகள்

ஹாலில் மூன்று மேசைகள் போட்டிருந்தார்கள். பிரெஞ்சு, ஜெர்மன், ருஷ்யன்.

ஜெர்மன் மேசைக்காரர் கோவில்பட்டி தாண்டியதும் வயிறு கெட்டு, வந்த நேரத்திலிருந்து எங்கள் ஸ்டாஃப் ரூமில் படுத்துவிட்டார். ஆகவே அன்று யாருக்கும் தீங்கு செய்யாத மொழி ஜெர்மன் ஒன்றுதான்.

பிரெஞ்சு மேசையில் ஒரு அம்மாள். பிரெஞ்சில் 'ர' என்ற எழுத்து அடித்தொண்டையிலிருந்து வர வேண்டும், இந்தியப் பிள்ளைகளுக்கு அது வர ஆறு மாதமாவது ஆகும் என்று பயமுறுத்திவிட்டு, "நீ சொல்லு பார்க்கலாம்" என்று என் பக்கத்தில் நின்ற பாத்திமாவைக் கேட்டார். பாத்திமா ஐந்து வயதிலிருந்து குர்ஆன் ஓதுகிறவள். அரபியில் அதே தொண்டை எழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதல் தடவையிலேயே அந்த அம்மாளைவிடச் சுத்தமாகச் சொன்னாள்.

அம்மாள் ஆடிப்போனார். "யார் உனக்குக் கற்றுத் தந்தது?"

"எங்க தெரு லெப்பை, டீச்சர்."

"மிஸ்யே லெப்பே! பிரான்ஸில் எந்த ஊர்க்காரர்?"

பாத்திமா யோசித்துவிட்டு, "காயல்பட்டினம்" என்றாள். அம்மாள் அதையும் குறித்துக்கொண்டார்.

ருஷ்ய மேசையில் கூட்டம் அலைமோதியது. கோட்டு சார் பூரித்துப்போய் ஒவ்வொரு பெயராக எழுதினார். இந்தக் கடைக்கோடி ஊரில் ருஷ்ய மொழிக்கு இப்படி ஒரு தாகமா என்று அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். தாகமும் இல்லை, தண்ணீரும் இல்லை. பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் ருஷ்யாவில் அச்சான வழவழப்பான பத்திரிகை ஒன்று இனாம். அந்தக் காகிதத்தில் நோட்டுக்கு அட்டை போட்டால் வருடம் முழுவதும் கிழியாது. அவ்வளவுதான் விஷயம். இரண்டு அட்டைக்காக இரண்டு பெயரில் பதிந்தவர்களும் உண்டு.

என் முறை வந்தது.

"உனக்கு ருஷ்ய மொழியில் ஏதேனும் தெரியுமா?" என்றார், தெரியாது என்ற பதிலை எதிர்பார்த்து.

"தாரிக்கசோல், சார்" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "இன்னொரு முறை சொல்."

சொன்னேன். கண்ணை மூடி வாய்க்குள் போட்டு மென்று பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ஸ்தாரி கஸ்யோல்! உச்சரிப்பு கொஞ்சம் திருந்த வேண்டும். ஸ்தாரி என்றால் மூத்த. ஆகவே இது 'பெரியீர், வணக்கம்' என்னும் பழைய மரபு வாழ்த்து. பழைய நூல்களில்தான் காணக் கிடைக்கும். எப்படித் தெரியும் உனக்கு?"

"எங்க அப்பா சொல்லுவாங்க, சார்."

"என்ன வேலை?"

"கப்பலுக்குக் காய்கறி போடுதாங்க."

முகம் ஒரு பிடி சுருங்கியது. இருந்தாலும் என் பெயரின் அடியில் சிவப்பு மையால் கோடு போட்டார். அந்த ஒரு கோட்டை நான் தலைகீழாகப் பார்த்தேன். மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. மனதுக்குள் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பட்டணம் போய்க்கொண்டிருந்தேன்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. தனக்குப் பாதி தெரிந்ததை முழுதாகச் சொல்லும் தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது நினைத்தாலும் எரிகிறது. 'எனக்கு இது தெரியவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிற்பகலில் நடந்தது நடந்திருக்காது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவர் கற்ற எந்த மொழியிலும் இல்லை.

பழைய கோட்டு

பிற்பகல் நிறைவு விழாவுக்கு ஒரு சிறப்பு விருந்தினர். துறைமுகத்தில் நின்ற ருஷ்யக் கப்பலின் அதிகாரி ஒருவர். பெரிய டீச்சர் கேட்டதன் பேரில் அப்பாதான் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் சொல்லி ஏற்பாடு செய்திருந்தார். ஏஜெண்ட் ஆபீஸ் ஜீப் அவரைக் கொண்டுவந்து இறக்கியது. அப்பா வரவில்லை. "முட்டை லோடு வருது, நீ பேசுததப் பெறகு வந்து சொல்லு" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

அதிகாரி இளவயதுக்காரர். வெள்ளை உடுப்பு, வெயிலில் வெந்து சிவந்த மூக்கு. முறுக்கை எந்தப் பக்கத்தில் கடிப்பது என்று தெரியாமல் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

கோட்டு சார் மைக்கைப் பிடித்தார். ருஷ்யரை ருஷ்ய மொழியிலேயே வரவேற்கப் போவதாகத் தமிழில் அறிவித்தார். நாங்கள் கை தட்டினோம். அவர் அதிகாரியின் பக்கம் திரும்பி, நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்.

"ஸ்தாரி கஸ்யோல்!"

ஹாலின் இரண்டு ஒலிபெருக்கியும் அதைச் சொல்லின.

அதிகாரி முறுக்கைக் கீழே வைத்தார். காது வரை சிவந்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். எனக்குத் தெரிந்த சிரிப்பு அது. கடையில் கேட்ட அதே சிரிப்பு.

"வாட்... வாட் மீனிங்?" என்றார் பெரிய டீச்சர், தானும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல்.

"ஓல்ட் கோட்" என்றார் அதிகாரி.

ஓல்ட் கோட். பழைய கோட்டு. பெரிய டீச்சர் திரும்பிக் கோட்டு சாரின் கோட்டைப் பார்த்தார். மேடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். கோட்டு சாரும் குனிந்து பார்த்துக்கொண்டு, முதல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வந்த விருந்தாளி இப்படியா உடுப்பைக் குறை சொல்வது என்று ஹாலில் ஒரு முணுமுணுப்பு.

புரியவில்லை என்று தெரிந்ததும் அதிகாரி எழுந்தார். இரண்டு ஆட்காட்டி விரல்களையும் தலையில் கொம்பாக வைத்துக்கொண்டார். மோவாயில் தாடி இருப்பதுபோல் நீவிக் காட்டினார். பிறகு மைக்கில் வாயை வைத்து, "மே..." என்றார்.

கிழட்டுக் கிடா.

முந்நூறு பெண்கள் சிரித்த சிரிப்பில் ஓட்டுக் கூரையிலிருந்து புறாக்கள் பறந்தன. என் பக்கத்தில் பாத்திமா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் கண்ணில் அப்பா நின்றார். கடை வாசலில் கையை உயர்த்திக்கொண்டு, தன்னைக் கிழட்டுக் கிடா என்றவர்களுக்கு இரண்டு மடங்கு சத்தமாக வணக்கம் சொல்லிக்கொண்டு.

ஒரு சீட்டும் ஒரு பாடமும்

கோட்டு சார் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. மைக்கிலேயே என்னைக் கை காட்டினார்.

"இந்த மாணவி தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டாள்."

காலையில் அது பழைய நூல்களில் வரும் மரபு வாழ்த்து. மாலையில் என் தவறு. "ஏளா, மேல வா" என்றார் பெரிய டீச்சர். கிணற்றுத் தவளைகளைப் பற்றிப் பேசிய செந்தமிழெல்லாம் போய்விட்டிருந்தது. மேடை ஏறினேன். பட்டியலை எடுத்து, நான் பார்க்கும்படியாகவே, சிவப்புக் கோடு போட்ட பெயரை அதே பேனாவால் அடித்தார் கோட்டு சார்.

அதிகாரி என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார், யார் சொல்லித் தந்தது என்று. இன்னமும் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"மை ஃபாதர். வெஜிடபிள் சப்ளை. யுவர் ஷிப் பீப்பிள் டெய்லி சே திஸ் டு மை ஃபாதர்."

அந்தச் சிரிப்பு அணைந்தது. மூக்கைத் தவிர முகம் முழுவதும் வெளுத்தது. எனக்கு முன்னால் குனிந்து, மெதுவாக, பிரித்துப் பிரித்து ஒரு சொல்லைச் சொன்னார். "ஸ்த்ராஸ்த்-வுய்-த்யே." என்னையும் சொல்லச் சொன்னார். நான்கு முறை சொன்ன பிறகுதான் விட்டார். அன்று முழுவதும் அந்த ஹாலில் நடந்த ஒரே மொழிப் பாடம் அதுதான். அதை நடத்தியவருக்குப் பல்கலைக்கழகத்தில் சம்பளம் இல்லை.

அந்த ஒரு இடம் யாருக்குக் கிடைத்தது என்று கேட்பீர்கள். முதல் பெஞ்சில் வசந்தா என்று ஒருத்தி. அன்று காலையிலிருந்து வாயைத் திறக்காதவள். எதையும் தப்பாகச் சொல்லாத ஒரே மாணவி என்பதால் மொழி படிக்க அவளை அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து வந்தவளிடம் என்ன படித்தாய் என்று கேட்டேன். "அங்க ஹாஸ்டல்ல தயிரு நல்லாருக்கும்" என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் சீட்டுக்காக அழவில்லை. எந்தக் கேள்விக்காகப் போக நினைத்தேனோ அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி ருஷ்ய மொழியில் எனக்குத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

தராசுத்தட்டு

கடைக்குப் போனபோது அப்பா வாசலிலேயே நின்றார்.

"என்னளா, ஆபீசர் என்ன சொன்னாரு? நீ பேசுனியா?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் உண்மையை விழுங்கிவிட்டு வேறொன்று சொன்னேன்.

"பேசுனேம்பா. அந்தத் தாரிக்கசோல் பழசாயிட்டாம். இப்ப ருஷ்யாவுல யாரும் சொல்லுததில்லயாம். புதுசு ஒண்ணு அவரே சொல்லிக் குடுத்தாரு."

"அப்படியா? சொல்லு, சொல்லு."

சொன்னேன். அப்பா மூன்று முறை முயன்றார். நாலாவது முறை, அவர் கைக்குப் பழகிய பொருள் ஒன்றாகவே அது மாறிவிட்டது.

"தராசுத்தட்டு! இதென்னளா, நம்ம வார்த்தையாட்டம் இருக்கு. எவனோ நம்மூர்க்காரன்தான் போய்ச் சொல்லிக் குடுத்திருப்பான்."

மறுநாள் சாயங்காலம் சமையற்காரனும் இரண்டு மாலுமிகளும் வந்தார்கள். அதிகாரி கப்பலில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். வாசலில் வந்து தயங்கி நின்றார்கள், வழக்கமான வார்த்தை வரவில்லை. அப்பா காத்திருக்கவில்லை. கையை உயர்த்தி, தெரு முழுவதும் கேட்க, "தராசுத்தட்டு!" என்றார்.

மூன்று பேரும் அசையவில்லை. சமையற்காரன், நரைத்த ஆள், தொப்பியைக் கழற்றினான். தலை குனிந்து அந்தச் சொல்லைத் தாழ்ந்த குரலில் திருப்பிச் சொன்னான். மற்ற இரண்டு பேரும் சொன்னார்கள். காய்கறி பார்த்தார்கள், வாங்கினார்கள், போகும்போது அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

என் மூலையில் முட்டையை வெளிச்சத்தில் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன். எனக்கு அன்று இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. பல்கலைக்கழகமே கொண்டுவந்து கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அப்பா பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் வாடியிருந்தது.

"என்ன பாஷைளா படிச்சிட்டு வந்த? ஒருத்தனும் சிரிக்கலியே. அவனுவளுக்கு எம்மேல என்ன கோவமோ தெரியலயே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் இருந்தவரை சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு ருஷ்யக் கப்பல் வந்தது. அன்று எண்ணெய்க் கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் வரும்போதே எங்கள் கடையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் மாலுமிகளுக்கு நடுவில் அப்பா கையை உயர்த்திக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் அவர்கள் தலைக்கு மேலாகக் கத்தினார்.

"பாத்தியாளா, பழசுதான் சரி!"